நீதிபதி வாய் திறந்தால் நடுநிலை கெடுமா?

வக்கீல் வைக்காமல் வருபவருக்கு நடைமுறையை விளக்கினால் நீதிபதியின் நடுநிலை கெட்டுவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். ஏழையை நிலம் பறிகொடுக்க வைக்கும் நம்பிக்கை இது.

கேரளத்தின் காந்தலூரில் பூண்டு போடும் ஒரு விவசாயிமீது பக்கத்து நிலத்துக்காரர் வரப்புத் தகராறில் வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறையூர், மூணாறு கடந்து தேவிகுளம் முன்சீப் கோர்ட்டுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் மலைப்பாதை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் விவசாயி தானே போய் நிற்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3 அதற்கு இடம் தருகிறது. பத்திரமும் வரி ரசீதும் கையில் இருக்கின்றன. ஒரு வாய்தாவும் தவறவில்லை. ஆனால் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள், மிஞ்சினால் 90 நாளுக்குள், எதிருரை எழுதித் தாக்கல் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எதிருரை இல்லையென்றால் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல கட்டளை 8 வழிவிடுகிறது. ரசீதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வழக்கு முடிந்துவிடலாம்.

மொழியும் சேர்ந்து வதைக்கிறது. இதுபோன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. கோர்ட்டுக் காகிதமோ ஆங்கிலத்திலோ மலையாளத்திலோதான் வருகிறது.

விதி தெரிந்த ஒருவரும் தெரியாத ஒருவரும் எதிரெதிரே நிற்கும்போது நீதிபதி பேசாமலிருந்தால், ஆதாயம் தெரிந்தவருக்கே. இதை நடுநிலை என்பது அநியாயம். சட்டமே நீதிபதியைப் பேசச் சொல்கிறது. முதல் விசாரணையில் எதை ஒப்புக்கொள்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று இரு தரப்பிடமும் கேட்டறிய வேண்டும் என்கிறது கட்டளை 10. உண்மையை அறிய எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்கிறது 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், பிரிவு 168.

இலவச சட்ட உதவி இருக்கிறதே என்பார்கள். பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் 1973இல் அதற்காகவே ஓர் அறிக்கை தந்தார். 1987ஆம் ஆண்டின் சட்டம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அப்படி ஒன்று இருப்பதை முதல் வாய்தாவில் கட்சிக்காரரிடம் சொல்லப்போவது யார்? நடைமுறை நீதிக்குப் பணியாள்தான், எஜமானன் அல்ல என்று 1975இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகத் தீர்ப்பெழுதியவரும் அதே கிருஷ்ணய்யர்தான். வக்கீல் இல்லாதவர்களை நடத்துவதற்கென்று கனடாவின் நீதித்துறைப் பேரவை 2006இல் நெறிகள் வகுத்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் அவற்றை ஏற்றது. அங்கே நடுநிலை செத்துவிடவில்லை.

சாட்சியத்தில் சலுகை வேண்டாம். சட்டத்தை வளைக்கவும் வேண்டாம். எதிருரை எப்போது, எந்த ஆவணம், சட்ட உதவிக்கு எங்கே போவது என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாள் சம்மனோடு வரட்டும். அதையே முதல் வாய்தாவில், எதிர்த்தரப்பு கேட்க, திறந்த மன்றத்தில் நீதிபதி சொல்லட்டும். இரு தரப்பும் கேட்கச் சொல்வதில் பாரபட்சம் எங்கிருந்து வரும்? அதற்குப் பிறகும் தோற்றால், அந்த விவசாயி வழக்கில் தோற்றிருப்பார். இன்று அவர் வழக்குச் சொல்லாமலே தோற்கிறார்.