பெட்டிக்குப் பெட்டி கட்டணம் வேண்டாம்: மருந்துச் செலவுக் கட்டுப்பாடு பற்றிய எமது நிலைப்பாடு

பலெர்மோவில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் சங்கமாகிய நாங்கள், இத்தாலியப் பொதுச் சுகாதார சேவையின் மருந்துச் செலவு குறித்து எமது அங்கத்தவர்களோடு பேசி எடுத்த முடிவை இங்கே பகிரங்கமாக முன்வைக்கிறோம். சிசிலிப் பிராந்திய அரசுக்கும், நாங்கள் 'ஆஸ்ப்' என்று அழைக்கும் பலெர்மோ மாகாண சுகாதார நிறுவனத்துக்கும், ரோமில் உள்ள இத்தாலிய மருந்து முகமையான ஆய்ஃபாவுக்கும் இதை எழுதுகிறோம். எமது சொந்த மக்களும் இதைப் படிக்க வேண்டும்.

நிலைப்பாடு

மருந்துச் செலவைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். வரிப்பணத்தில் நடக்கும் சேவைக்குக் கணக்கும் கண்டிப்பும் இல்லாவிட்டால் அது நாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு இராது. ஆனால் அந்தக் கண்டிப்பைக் காட்ட வேண்டிய இடம், கம்பனியும் அரசும் விலை பேசும் மேசை. நோயாளர் குளிசை வாங்கும் மேசையில் அதைக் காட்டுவது அநியாயம்; செலவைக் குறைக்கவும் அது உதவாது. நாட்பட்ட நோய்களின் மருந்துகளுக்குச் சிசிலியில் பெட்டிக் கணக்கில் அறவிடப்படும் 'திக்கெத்' கட்டணம் நீக்கப்பட வேண்டும் என்று கோருகிறோம்.

இரண்டு ரசீதுகள்

எமது அங்கத்தவர்களில் பலர் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருப்பவர்கள். வயோதிபரின் மருந்தை வாங்கி வருவதும், நேரம் பார்த்துக் குளிசையை எடுத்துக் கையில் கொடுப்பதும் அவர்களே. பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக் கடைகளின் ரசீதை அவர்கள் அளவுக்கு வாசித்துப் பழகியவர்கள் இந்த நகரில் குறைவு.

எமது கூட்டத்துக்கு ஓர் அக்கா இரண்டு ரசீதுகளோடு வந்தார். ஒன்று அவர் பார்த்துக்கொள்ளும் எண்பது வயது அம்மையாருடையது. மற்றது அவருடையது. இருவருக்கும் பிறஷர், இருவருக்கும் வைத்தியர் எழுதியது அம்லோடிபின் 10 மில்லிகிராம். அம்மையார் பல வருடமாகப் பழகிய கம்பனிப் பெயர்ப் பெட்டியைத்தான் கேட்பார். அவருடைய ரசீதில் இரண்டு வரிகள் இருந்தன: பிராந்தியத்தின் திக்கெத் ஒன்று, கம்பனிப் பெயருக்கான விலை வித்தியாசம் ஒன்று. அக்கா கம்பனிப் பெயர் இல்லாத 'ஜெனரிக்' பெட்டியை எடுப்பவர் என்பதால் அவருக்கு இரண்டாவது வரி இல்லை.

ஆனால் இருவருமே இரண்டிரண்டு பெட்டி வாங்கியிருந்தார்கள். அந்த அளவுக் குளிசை பெட்டிக்கு 14தான் வருகிறது. நாளுக்கு ஒன்று போட்டால் இரண்டு கிழமையில் பெட்டி காலி. 28 குளிசைப் பெட்டியில் வரும் மருந்து எடுப்பவர் மாதம் ஒரு தடவை கட்டணம் கட்ட, இவர்கள் இரண்டு தடவை கட்டுகிறார்கள். இவர்களின் நோய் கடுமையானது என்பதால் வந்த வேறுபாடு இல்லை இது. பெட்டி சிறியது என்பதால் வந்தது.

பெட்டிக்கு 2 யூரோ என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோல் என்று மாதம் ஆறு பெட்டி வாங்குபவருக்கு வருடம் 144 யூரோ ஆகிறது. புருஷனும் மனைவியும் நோயாளர் என்றால் அது இரட்டிப்பு. மணித்தியாலக் கூலிக்கு வீடு கூட்டித் துடைப்பவருக்கு இது சிறிய தொகை இல்லை. "இந்த மாதம் கொலஸ்ட்ரோல் குளிசையை விடுவம், பிறஷருக்கு மட்டும் எடுப்பம்" என்று முடிவெடுத்த கதைகளை எமது கூட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். இந்த அறிக்கை எழுதப்படுவதற்குக் காரணம் அந்தக் கதைகள்.

கட்டணம் வந்த வழி

ஆரோக்கியம் மனிதரின் அடிப்படை உரிமை என்றும், வறியவருக்கு இலவச வைத்தியம் உறுதி என்றும் இத்தாலிய அரசியலமைப்பின் 32ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த வாக்கைச் செயலாக்க 1978 டிசம்பரில் 833ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சுகாதார சேவையை உருவாக்கியது. 1980களில் இந்தத் தீவுக்கு வரத் தொடங்கிய எங்கள் மூத்தவர்கள், பிள்ளைப்பேற்றுக்கும் சத்திரசிகிச்சைக்கும் சொத்தை விற்க வேண்டியிராத ஒரு நாட்டைக் கண்டார்கள். அந்த நன்றியோடுதான் பேசுகிறோம்.

1993இல், மருந்து விலைகளை உயர்த்துவதற்காகக் கம்பனிகளிடம் இலஞ்சம் வாங்கிய பெரும் ஊழல் வெளிப்பட்டு, சுகாதார அமைச்சின் மருந்துப் பிரிவுத் தலைவராக இருந்த துயிலியோ போஜ்ஜொலினி கைதானார். அதன் பின் மருந்துகள் புதிதாக வகுக்கப்பட்டன. அவசியமானவை 'ஆ' வகுப்பில் சேவையின் செலவில், ஏனையவை 'ச்சி' வகுப்பில் நோயாளரின் செலவில் என்ற ஒழுங்கு அந்தக் காலத்தது. 2001 தொடக்கத்தில் தேசிய மட்டத்தில் திக்கெத் நீக்கப்பட்டது. அதே வருடம் வந்த 405ஆம் இலக்கச் சட்டமோ, விரும்பினால் கட்டணம் அறவிடலாம் என்று பிராந்தியங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. காப்புரிமை முடிந்த மருந்துக்கு ஆகக் குறைந்த விலையைத்தான் சேவை கொடுக்கும், மீதியை நோயாளர் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததே.

சிசிலியின் சுகாதாரக் கணக்கு பெரும் பற்றாக்குறையில் விழுந்ததால், 2007 ஜூலையில் பிராந்தியம் ரோமோடு மீட்புத் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டது. அன்றிலிருந்து அதன் கை கட்டப்பட்டிருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் மார்க்கே, ஃப்ரியூலி போன்ற பிராந்தியங்களில் இந்தப் பெட்டிக் கட்டணம் இல்லை. பியெமொந்தே 2019இல் அதைக் கைவிட்டது. அங்கே தோரினோவில் வசிக்கும் தம்பிக்கு இல்லாத கட்டணம் பலெர்மோவில் இருக்கும் அண்ணனுக்கு இருக்கிறது. இருவரும் ஒரே நாட்டின் சேவைக்கு வரி கட்டுகிறார்கள்.

பணம் கசியும் இடம்

2023இல் இத்தாலியின் மொத்த மருந்துச் செலவு 3,600 கோடி யூரோவைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 69 வீதத்தைப் பொதுச் சேவை ஏற்றது. செலவுக்கு இரண்டு உச்சவரம்புகள் உண்டு: வீதியோர மருந்துக் கடைகள் வழியாகக் கொடுக்கப்படும் மருந்துக்கு ஒன்று, வைத்தியசாலைகளும் சுகாதார நிறுவனங்களும் நேரடியாக வாங்கும் மருந்துக்கு மற்றொன்று. அண்மைய ஆண்டுகளில் முதலாவது வரம்பு மீறப்படவில்லை. வருடா வருடம் கரை உடைப்பது இரண்டாவது. விலை உயர்ந்த புதிய மருந்துகள் அங்கேதான் வாங்கப்படுகின்றன.

திக்கெத்தோ முதலாவது இடத்தில் அறவிடப்படுகிறது. கூரை ஒழுகுவது ஒரு பக்கம், வாளி வைப்பது இன்னொரு பக்கம்.

ஒழுகும் பக்கம் எது என்று இத்தாலியப் போட்டி ஆணையமே இரு தடவை காட்டியிருக்கிறது. கண்நோய்க்கு அவாஸ்தின் ஊசியைப் பயன்படுத்தினால் அப்போது ஒரு தடவைக்கு 80 யூரோ அளவில் முடிந்திருக்கும். அதே நோய்க்கான லுசெந்திஸ் ஊசி ஏறத்தாழ 900 யூரோவாக இருந்தது. மலிவானதைப் பற்றிப் பயத்தைப் பரப்பி, விலை உயர்ந்ததை விற்க இணங்கிச் செயற்பட்டதற்காக ரோஷ், நோவார்திஸ் கம்பனிகளுக்கு 2014இல் 18 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்டது. 2012 என்ற ஒரு வருடத்தில் மட்டும் பொதுச் சேவைக்கு ஏற்பட்ட மேலதிகச் செலவை ஆணையம் 4.5 கோடி யூரோ என்று மதிப்பிட்டது. கம்பனிகள் வழக்காடின, 2019இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. பழைய புற்றுநோய் மருந்துகளின் விலையை 1,500 வீதம் வரை உயர்த்திய ஆஸ்பென் கம்பனிக்கு 2016இல் 52 இலட்சம் யூரோ அபராதம். எத்தனை ஆயிரம் பேர் எத்தனை பெட்டிக்குக் காசு கொடுத்தாலும் இப்படிப் போகும் பணத்தை ஈடுகட்ட முடியுமா?

மாற்றுக் கருத்துகளுக்கு எமது பதில்

கட்டணம் இல்லாவிட்டால் மக்கள் தேவையில்லாமல் மருந்து வாங்கிக் குவிப்பார்கள் என்கிறார்கள். வீட்டு அலுமாரிகளில் காலாவதியான பெட்டிகள் இருப்பது உண்மையே, நாங்களே பார்க்கிறோம். ஆனால் 1970களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு, கட்டணம் வைத்தால் மக்கள் வேண்டாததையும் வேண்டியதையும் ஒரே மாதிரிக் குறைக்கிறார்கள் என்று காட்டியது. பிறஷர் உள்ள ஏழைகளுக்கு இலவச வைத்தியம் கிடைத்தபோது அவர்களின் பிறஷர் நன்றாகக் கட்டுப்பட்டது. பிறஷர் குளிசையை யாரும் ஆசைக்கு விழுங்குவதில்லை. அதை நிறுத்தியவர் பக்கவாதத்தோடு வைத்தியசாலைக்கு வந்தால், ஆகும் செலவு எத்தனை வருடக் குளிசைக்குச் சமம்? எங்கள் சொந்தங்கள் வாழும் பிரித்தானியாவிலும் வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொட்லாந்து 2011இலும் மருந்துச்சீட்டுக் கட்டணத்தை நீக்கின. இன்றும் அந்த முடிவில் நிற்கின்றன.

விலையை அடித்துக் குறைத்தால் கம்பனிகள் மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிடும், தரம் கெடும் என்பது அடுத்த கருத்து. இதை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. 2023இல் இலங்கையில் வெளிவந்த தரமற்ற ஊசி மருந்து விவகாரம், கொள்வனவில் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்குக் காட்டியது. ஆனால் நல்ல முன்னுதாரணமும் எங்கள் மண்ணிலேயே உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி, ஆயிரக்கணக்கில் இருந்த மருந்துப் பெயர்களை அவசியமான சில நூறாகச் சுருக்கினார். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரில் எழுதச் செய்து, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்க வைத்தார். பின்னர் பல நாடுகள் அந்த வழியைப் படித்தன. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் மாநிலம் முழுவதற்குமாக ஒரே இடத்தில் வாங்கி, ஆய்வுகூடத்தில் சோதித்த பின்னரே அரச வைத்தியசாலைகளுக்கு அனுப்புகிறது. மலிவும் தரமும் சேர்ந்து போக முடியும். நடுவில் நேர்மையான கண் ஒன்று இருக்க வேண்டும்.

எமது கோரிக்கைகள்

1. பிறஷர், சீனி வருத்தம், இருதய நோய், ஆஸ்துமா, தைரொய்ட் போன்ற நாட்பட்ட நோய்களின் மருந்துகளுக்குச் சிசிலிப் பிராந்தியம் பெட்டிக் கட்டணத்தை நீக்க வேண்டும். அதுவரை, கட்டணத்தைப் பெட்டியின் எண்ணிக்கையில் அறவிடாமல் 28 நாள் சிகிச்சைக்கு ஒன்று என்று அறவிட வேண்டும்; ஒருவருக்கு மாதத்துக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும்.

2. வரம்பை மீறும் செலவில் ஒரு பகுதியைக் கம்பனிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அப்படிச் சிசிலிக்குத் திரும்பும் பணத்தில் ஒரு பங்கை இந்தக் கட்டணக் குறைப்புக்கென்றே ஒதுக்க வேண்டும்.

3. கம்பனிகளோடு இரகசியமாகப் பேசப்படும் தள்ளுபடிகள் பகிரங்கமாக்கப்பட வேண்டும். 2019 மே மாதத்தில் உலக சுகாதார மாநாட்டில் மருந்து விலை வெளிப்படைத்தன்மைத் தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடு இத்தாலி. ஜெனீவாவில் கேட்டதை ரோமில் செய்து காட்ட வேண்டும்.

4. நாட்பட்ட நோயாளருக்கு ஒவ்வொரு மாதமும் வேறு வேறு கம்பனியின் ஜெனரிக்கைக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். பெட்டியின் நிறமும் குளிசையின் வடிவமும் மாறினால், முதியவர்கள் ஒரே மருந்தை இரண்டென்று நினைத்து இரண்டையும் விழுங்கும் ஆபத்து உண்டு. முடிந்தவரை அதே பெட்டி. மாறினால், மேல்மூடியில் பெரிய எழுத்தில் மூலப்பெயர்.

5. விலை வித்தியாசம், கட்டண விலக்கு ஆகியவற்றை விளக்கும் தாள்கள் தமிழிலும், இந்நகரில் பேசப்படும் ஏனைய மொழிகளிலும் ஆஸ்ப் அலுவலகங்களில் கிடைக்க வேண்டும்.

எமது பங்கு

இத்தாலியர்கள் கம்பனிப் பெயருக்காகத் தங்கள் பையிலிருந்து வருடந்தோறும் 100 கோடி யூரோவுக்கும் மேல் கொடுக்கிறார்கள். வடக்கைவிடத் தெற்கில் ஜெனரிக் பாவனை குறைவு. வருமானம் குறைந்த பகுதிதான் பெயருக்கு அதிகம் கொடுக்கிறது. இதில் எங்கள் வீடுகளுக்கும் பங்குண்டு. "மலிவான குளிசை வேலை செய்யாது" என்ற பேச்சு எங்களிடமும் இருக்கிறது. மக்களின் இந்தச் சந்தேகத்தைப் போக்கவே 2005இல் சட்டம் ஜெனரிக்கின் பெயரை 'சமமானது' என்று மாற்றியது. அதே மூலப்பொருள், அதே அளவு. உடம்பில் அதே மாதிரி வேலை செய்கிறது என்று நிரூபித்த பின்னரே அதற்கு அனுமதி. கட்டண விலக்கு உள்ளவர்கள்கூடக் கம்பனிப் பெயரைக் கேட்டால் வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆகவே நாங்கள் மூன்று பொறுப்புகளை ஏற்கிறோம். தாங்கள் எடுக்கும் மருந்துகளின் மூலப்பெயரும் அளவும் எழுதிய அட்டை ஒன்றை ஒவ்வொரு அங்கத்தவருக்கும் செய்து கொடுப்போம். ரசீதை வாசிப்பது எப்படி என்பதைக் கோயிலிலும் தேவாலயத்திலும் தமிழ்ப் பாடசாலையிலும் கூடும் இடங்களில் சொல்லிக் கொடுப்போம். குளிசையை விடுவதற்கு முன் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள் என்பதை அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வோம்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் இந்நகரத்தவர்களோடு சேர்ந்து எங்கள் மக்களும் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறுகிறார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்தவர் என்று நகரம் போற்றும் சாந்த ரோசாலியாவிடம் சைவரும் கத்தோலிக்கரும் நேர்த்தி வைப்பது சுகத்துக்காக. குளிசையின் விலையைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். அதை அவர்களிடமே கேட்கிறோம். இன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு எமது குடும்பங்களின் மருந்து ரசீதுகளைப் பெயர் நீக்கிச் சேர்த்து வைப்போம். வருட முடிவில் அந்தக் கட்டைப் பிராந்திய அரசின் மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கணக்குக் கேட்போம். அதன் மேலே இருக்கப் போவது அக்கா கொண்டுவந்த அந்த இரண்டு ரசீதுகள்.