படுத்திருப்பது யார்?

அடுத்த வீட்டு மாமியின் பிள்ளைக்குப் பம்பாயில் உத்தியோகம். 1971-ம் வருஷம் அவன் ஒரு தடவை, "அம்மா, உன் கடிதம் தந்தி மாதிரி இருக்கிறது. நாலு வாக்கியத்தைச் சேர்த்துத்தான் எழுதேன்!" என்று கேலி செய்திருந்தான். மாமிக்கு ரோசம் வந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத் தாத்தாவுக்கு மார்வலி. வழக்கம்போல் என்றால் மாமி இப்படி எழுதியிருப்பாள்: ‘தாத்தாவுக்கு மார்வலி. அப்பா ஓடினார். டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் ஊசி போட்டார். தாத்தா படுத்திருக்கிறார்.’ தந்திதான், ஆனால் குழப்பமில்லை. இப்போது எழுதியதோ: ‘தாத்தாவுக்கு மார்வலி என்று அப்பா ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்து, ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.’

படுத்திருப்பது யார்? அப்பா என்றுதான் பிள்ளை படித்தான். அவன்மேல் பிழையில்லை, வாசகர்களே! ‘ஓடிப்போய்’, ‘அழைத்து வந்து’, ‘போட்டுக்கொண்டு’ எல்லாம் வினையெச்சங்கள். ‘செய்து’ என்ற வாய்பாட்டில் வரும் எச்சமும் அதை முடிக்கும் வினையும் ஒரே எழுவாய்க்கு உரியவை என்பது நன்னூலில் பவணந்தியார் சொன்ன விதி. ஓடியவர் அப்பா என்றால் படுத்தவரும் அப்பாதானே?

‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்கிறோமே என்பீர்கள். அங்கே ‘பெய்து’ என்பது ‘பெய்ய’ என்ற பொருளில் நிற்பதாக இலக்கணக்காரர்களே இடம் கொடுத்திருக்கிறார்கள். நிறைந்தது மழையா குளமா என்று யாரும் திண்டாடப் போவதில்லை. தாத்தாவும் அப்பாவும் இருக்கும் வீட்டில் அந்தச் சலுகை ஆபத்து!

ஆள் மாறுகிற இடத்தில் ‘போட்டு’ என்பதை விட்டு ‘போட’, ‘போட்டதும்’, ‘போட்ட பிறகு’ என்று எழுதுங்கள். இரண்டு பேரை இணைக்கப் பெயரெச்சம் இருக்கிறது: ‘அப்பா அழைத்து வந்த டாக்டர்’. கடைசி வினைக்குப் பக்கத்திலேயே அதற்குரிய ஆளை உட்கார வைத்துவிடுங்கள். இதோ: ‘அப்பா ஓடிப்போய் அழைத்து வந்த டாக்டர் ஊசி போட்ட பிறகு, மார்வலியால் துடித்த தாத்தா சற்றுத் தேறிப் படுத்திருக்கிறார்.’

பிள்ளை லீவு போட்டுவிட்டு, ரயிலில் பாதி வழி நின்றுகொண்டே வந்து சேர்ந்தான். கதவைத் திறந்தவர் அப்பா, கையில் பத்திரிகையோடு. பெட்டியைக் கீழே வைத்தவன் திண்ணையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு மாமி எந்தக் கடிதத்தையும் என்னிடம் படித்துக் காட்டாமல் ஒட்டியதில்லை. "இதிலே யார் படுத்திண்டிருக்கா, சரியாத் தெரியறதோ?" என்று கேட்பாள், கல்யாணக் கடிதமாக இருந்தாலும்.