பக்கத்தில் அமர்ந்தவர்கள்

பெங்களூர்ச் சாமராஜப்பேட்டையில் வசிக்கும் என் நண்பரை இந்தப் பத்தியின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காப்பியில் சிக்கரி கலப்பதைக் கண்டித்து நான் எழுதியபோது, சிக்கரியின் பக்கம் நின்று நீண்டதொரு மறுப்புக் கடிதம் எழுதியவர் அவர்தான். சித்தாந்தத்தில் எங்களுக்குள் எத்தனை பேதம் இருந்தபோதிலும், வெயில் ஏறத் தொடங்கி மாமரங்களில் பிஞ்சு பிடிக்கும் பருவத்தில், இராமநவமி உற்சவத்துக்காகக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் போடப்படும் பந்தலில் என்றைக்கு யாருடைய கச்சேரி என்பதைத் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து எனக்குக் கைப்பேசியில் அனுப்புவதை அவர் ஒரு விரதமாகவே அனுஷ்டித்து வருகிறார். அந்தத் தாள் இந்த வாரம் வந்து சேர்ந்தது.

மார்கழி மாதத்துச் சென்னையைப் பற்றி எழுதாதவர் இல்லை. கோடையில் திறந்த வெளிப் பந்தலில் சங்கீதம் கேட்பதன் சுகத்தை எழுதியவர்கள் குறைவு. 1939-இல் எஸ். வி. நாராயணசுவாமி ராவ் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலியின் இந்த உற்சவம் ஒரு நாளோடும் ஒரு வாரத்தோடும் அடங்குவதன்று. ஏறக்குறைய ஒரு மாத காலம் நடக்கும். செம்பையும் செம்மங்குடியும் எம். எஸ். அம்மாளும் பாடிய இடம். கூப்பிடு தூரத்தில் திப்பு சுல்தானின் கோடை அரண்மனை. அதற்கு அப்பால் மார்க்கெட்டின் பஸ் இரைச்சல். பாடகர் மந்திர ஸ்தாயியில் இறங்கி நிற்கும் தருணத்தைத் தேடிப் பிடித்தாற்போல ஒரு லாரி ஹாரன் அடிக்கும். திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டால் பந்தலின் கூரையும் தன் பங்குக்கு ஒரு தாளம் போடும். இத்தனைக்கும் நடுவில் கேட்டுப் பழகியவனுக்குக் குளிர்சாதன அரங்கின் நிசப்தம் சற்றே பயமூட்டுவதாகக்கூட இருக்கும்.

கச்சேரியைக் காட்டிலும் கச்சேரிக்குக் காத்திருப்பதே இன்பம் என்பது என் நெடுநாளைய கட்சி. கல்யாணப் பந்தியில் இலையில் உப்பும் ஊறுகாயும் விழுந்து, சாதம் இன்னும் வராத அந்தச் சில நிமிஷங்களில் உள்ள ஆனந்தம் சாப்பாட்டில் உண்டா? பெயரைப் படித்த மாத்திரத்தில் மனத்துக்குள் ஒரு கச்சேரி ஆரம்பமாகிவிடுகிறது. இவர் தோடியை எடுத்துக்கொண்டால் காந்தாரத்தில் எவ்வளவு நேரம் நிற்பார், அவர் சென்ற வருஷம் அவசரப்பட்டு முடித்த கல்யாணியை இவ்வருஷமாவது சாவகாசமாகப் பாடுவாரா என்றெல்லாம் எண்ணிக்கொண்டு, பென்சிலும் கையுமாகப் பட்டியலை மேலும் கீழும் படிப்பதில் ஒரு மத்தியானம் போவதே தெரியாது. இந்தக் காத்திருப்பை ஒரு தபஸாகவே ஆக்கியவர் புல்லாங்குழல் மாலி. அவர் பெயர் அச்சில் இருந்தால் பாதி நிச்சயம்; மேடையில் வந்து உட்கார்ந்தால் முக்கால் நிச்சயம்; குழலை உதட்டில் வைத்து ஊதத் தொடங்கிய பிறகே ரசிகர்கள் மூச்சு விடுவார்கள். ஆயினும் அடுத்த முறையும் அதே ஜனங்கள் அதே ஆவலோடு வந்து உட்கார்ந்தார்கள் என்றால், அவர் வாசித்த நாட்களில் கிடைத்தது எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்!

இந்த வருஷம் யார் யார் பாடுகிறார்கள் என்பதை விஸ்தாரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நண்பரின் தாளை இரண்டாம் முறை படித்தபோது என் உற்சாகம் கோபமாக மாறிவிட்டது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. வயலின் யார், மிருதங்கம் யார், கடமா கஞ்சிராவா, ஒன்றும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பாடறவா பேர்தான் இருக்கே ஸார், போதாதா? பக்கவாத்தியம் யாராயிருந்தா என்ன?” என்றார்.

யாராயிருந்தால் என்னவாம்! இந்த வார்த்தையை வேறு ஊர்க்காரர் சொல்லியிருந்தால் மன்னித்துவிடலாம். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாடகர்களின் பக்கத்தில் அமர்ந்து வாசித்த ஒரு வித்வானின் நினைவாக, வயலினின் உருவத்திலேயே ஒரு மண்டபத்தைக் கட்டி 1980-இல் திறந்து வைத்த நகரத்தில் இருந்துகொண்டு அவர் அப்படிச் சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தம்புராவின் வடிவில் எந்தப் பாடகருக்கும் யாரும் மண்டபம் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

திருமகூடலுவில் பிறந்து, மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுலவாசம் செய்த அந்த வித்வான் சௌடையாவுக்கு ஏழு தந்தி வயலின் எதற்காக வேண்டியிருந்தது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், பெரிய கூட்டங்களில் பாடகரின் குரல் எட்டிய இடத்துக்கு வயலினின் நாதம் எட்டவில்லை. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு வில் போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரிந்ததேயன்றிக் காதுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான் அவர் நான்கு தந்திகளோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கம்பீர நாதம் இருந்ததனாலன்றோ, செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலச் சாரீரத்துக்கு ஈடுகொடுத்து அவரால் வாசிக்க முடிந்தது! செம்பை, சௌடையா, பாலக்காடு மணி ஐயர் என்ற மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லியே அக்காலத்து ரசிகர்களுக்குப் பழக்கம். 1943-இல் வெளிவந்த ‘வாணி’ என்ற கன்னடப் படத்தில் அம்மூவரும் சேர்ந்து கச்சேரி செய்யும் காட்சி உண்டு. கிடைத்தால் அவசியம் பார்க்க வேண்டும்.

ஒலிபெருக்கியைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று ஆசிரியருக்கு நான் வாக்களித்திருப்பது வாசகர்களுக்குத் தெரியும். அவர் ஊரில் இல்லாத வாரமாதலால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எட்டாத நாதத்தை எட்டச் செய்வதற்காக ஒரு மேதை மூன்று தந்திகளைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இன்றோ ஒரு குமிழைத் திருகினால் போதும், மிருதங்கத்தின் தொப்பி இடியாக விழுகிறது, வயலின் ஊசியாகக் குத்துகிறது, பாடகரும் போட்டிக்குத் தம் குமிழைத் திருகச் சொல்லி மேடையிலிருந்தே கைஜாடை காட்டுகிறார். மைக் வேண்டாம் என்று மணி ஐயர் பிடிவாதம் பிடித்த காலம் ஒன்று உண்டு. பிடிவாதம் என்று அன்று சிரித்தவர்கள் இன்று வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். நிற்க.

பக்கவாத்தியம் என்றால் பக்கத்தில் கிடக்கும் வஸ்து என்று நம் ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். பெரும்பாலான கச்சேரிகளில் ஒத்திகை என்பதே கிடையாது. பாடகர் இன்று எந்த ராகத்தை விஸ்தரிக்கப் போகிறார் என்பது வயலின்காரருக்கு, அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரியும். தெரிந்த கணத்திலிருந்து, அவர் போகும் வழியெல்லாம் அடி பிசகாமல் பின்தொடர வேண்டும். தம் முறை வரும்போது அவர் பத்து நிமிஷத்தில் சொன்னதை நாலு நிமிஷத்தில், ஆனால் திருப்பிச் சொன்னதாகத் தோன்றாமல், சொல்ல வேண்டும். நன்றாக வாசிக்க வேண்டும், பாடகரை அமுக்கிவிடக் கூடாது. மிருதங்கக்காரரோ, எந்த இடத்தில் வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். சாமான்யமான பாடகர் ஒருவர், தக்க வயலினும் மிருதங்கமும் அமைந்த ஒரே காரணத்தால் அமோகமாகப் பாடிவிட்ட கச்சேரிகளை நான் கேட்டிருக்கிறேன். மகா வித்வான் என்று பெயரெடுத்தவர், பொருந்தாத ஜோடியின் நடுவில் அகப்பட்டுத் தவித்ததையும் கேட்டிருக்கிறேன். ஆகையால் கச்சேரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மிருதங்கம் யார் என்று பார்ப்பதும், பிறகு வயலினைப் பார்ப்பதும், கடைசியாகவே பாடகரின் பெயருக்கு வருவதும் என் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்துக்கு இடமே வைக்காத தாளை வைத்துக்கொண்டு நான் எந்த ரயிலுக்கு டிக்கெட் எடுப்பது?

இந்த அலட்சியம் நேற்று முளைத்ததன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்நிய நாட்டு வாத்தியமாகிய வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்கு அதை வசப்படுத்தினார். 1834-இல் தஞ்சை வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினை அளித்துக் கௌரவித்தார். இவை பெருமையான செய்திகள்தாம். ஆனால் 1928-இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமி, ஒரு மிருதங்க வித்வானுக்குச் சங்கீத கலாநிதி என்ற பட்டத்தை முதன்முதலாக அளித்தது 1966-இல்தான். அதைப் பெற்றவர் மணி ஐயர். அவருக்கே அவ்வளவு தாமதம் என்றால், தம்புரா போடுகிறவரின் பெயரைக் கேட்கவே வேண்டாம். மேடையில் மூன்று மணி நேரமும் ஓயாமல் வேலை செய்கிறவர் அவர் ஒருவரே.

தனி ஆவர்த்தனத்தின் கதி இதைவிடப் பரிதாபகரமானது. பாடகர் ஸ்வரத்தை முடித்துக்கொண்டு மிருதங்கக்காரரை நோக்கித் தலையசைப்பதுதான் தாமதம், பந்தலில் பாதிப் பேர் பாதரட்சையைத் தேடுவார்கள். பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே படைக்கப்பட்டவை என்பது அவர்கள் எண்ணம். மேடையில் ஒருவர் தம் ஆயுட்கால சாதகத்தை விரல் நுனியில் கொண்டுவந்து வைக்கும்போது, எதிரே காலி நாற்காலிகள்.

எனவே என் நண்பருக்கு ஒரு விண்ணப்பம்: தாளைத் திரும்ப எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் எல்லாப் பெயர்களையும் சேர்த்து அனுப்புங்கள், சிக்கரி விஷயத்தை நான் மறுபரிசீலனை செய்கிறேன். இவ்வருஷம் பந்தலுக்குப் போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகும் பானகம் கிடைக்கும்.