ஊட்டி வீட்டுக்கு ஆர்.ஓ மெஷின் எதுக்கு?

சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படியும், குழாயில் உப்புக்கறை போகவே போகாது. சென்னையில் போர்வெல் தண்ணீரோடு வாழ்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. அங்கே ஆர்.ஓ வாங்குவதில் நியாயம் இருக்கு. ஊட்டி, குன்னூரிலும் அதையே மாட்டுவது, இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுற கதைதான்.

மலைத் தண்ணீரில் என்ன வித்தியாசம்?

கால்சியம், மக்னீசியம் அதிகம் கரைந்திருந்தால் அது கடின நீர். நீலகிரியின் சார்னோகைட் பாறை எளிதில் கரையாது. ஊட்டிக்கு பார்சன்ஸ் வேலி, குன்னூருக்கு ரேலியா என அணைகளில் தேங்கும் மழைநீர்தான் முக்கிய ஆதாரம். உப்பு சேர வாய்ப்பே குறைவு. சந்தேகமா? கெட்டிலின் அடியைப் பாருங்க. வெள்ளைப் படிவு இல்லையென்றால் கவலை வேண்டாம். வீட்டுக் கிணற்று நீர் என்றால் மட்டும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

டெமோவில் ஏமாறாதீங்க

இரும்புக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சியதும் குழாய்த் தண்ணீர் பழுப்பாகும். அது அழுக்கு இல்லை, கம்பியின் துரு. ஆர்.ஓ தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாததால் நிறம் மாறுவதில்லை, அவ்வளவுதான்.

நஷ்டம் யாருக்கு?

சாதாரண வீட்டு ஆர்.ஓ, 1 லிட்டர் குடிநீருக்கு சுமார் 3 லிட்டரைக் கழிவாகத் தள்ளும். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் இது ஆடம்பரம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு உள்ள இடங்களில் ஆர்.ஓ-வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது.

அப்போ என்ன செய்யலாம்?

மலையில் உண்மையான பிரச்னை மழைக்காலக் கலங்கலும் கிருமியும்தான். வடிகட்டி, கொதிக்க வைத்தாலே போதும். ஒரு விஷயம்: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் நன்றாகக் கொதி வந்தபிறகு 3 நிமிடம் அடுப்பிலேயே விடணும். தொட்டியையும் அடிக்கடி கழுவணும்.

நகராட்சிகளுக்கும் ஒரு வேலை இருக்கு. வார்டு வாரியாகத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாதாமாதம் வெளியிடணும். குழாயில் வருவது என்னவென்று தெரிந்தால், பயத்தைக் காட்டி யாரும் மெஷின் விற்க முடியாது.