சிறைக்கோட்டம் அறக்கோட்டமாதல்

காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரில், சோழ மன்னனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியவள் மணிமேகலை. அக்காப்பியத்திலேயே மனமயக்கம் உற்ற ஒருவன் புகார் வீதியில் திரிவதும், மக்கள் அவனைக் கண்டு வருந்தி நிற்பதும் கூறப்படுகின்றன. அம்மக்கள் இரங்கினர்; ஆயினும் அவன் நோய்க்குச் செய்வது இன்னதென அறியாது நின்றனர். அத்தகைய நோயாளர்க்கு உற்ற துணையாகி, அவர்தம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் பணி, நம் காலத்தில் ஒரு பெண்மணிக்கு வாய்த்தது. அவரே இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன் ஆவார்.

திருச்சிராப்பள்ளியினின்று காவிரியைக் கடந்து திருவரங்கத்தை அடைந்து, கொள்ளிடத்தையும் கடந்து மேற்கே சென்றால், காவிரியின் வடகரையில் குணசீலம் என்னும் திருத்தலம் உள்ளது. மனநோயுற்றாரை உறவினர் அங்கு அழைத்து வந்து, நாற்பத்தெட்டு நாள் தங்கி வழிபடுதல் நெடுநாளைய வழக்கம். பெற்ற மகனைக் கைப்பிடித்து அழைத்து வரும் தாயின் துயரத்தை எள்ளி நகையாடுதல் அறிவுடைமை ஆகாது. ஆயினும் ஒன்று எண்ணுதல் வேண்டும். குளிர்காய்ச்சல் கண்ட பிள்ளைக்காகக் கோயிலில் வேண்டிக்கொள்வோர், மருந்து கொடுக்கவும் மறப்பதில்லை. மனத்தின் நோய்க்கு மட்டும் மருந்து வேண்டா என்பது எவ்வாறு பொருந்தும்?

சாரதா மேனன் 1923 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். தந்தையார் நீதிபதி. அவர் பணியின் பொருட்டுக் குடும்பம் சென்னைக்கு வந்தது. சாரதா, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். உடற்பிணி மருத்துவத்தில் பேரும் பொருளும் எளிதில் ஈட்டியிருக்கலாம். அவரோ, அந்நாளில் ஆடவரும் தயங்கிய துறையைத் தேர்ந்தார். பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் என வழங்கும் மனநல நிறுவனத்தில் பயிற்சி பெற்று, சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். 1961 இல் அதன் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. 1978 இல் ஓய்வு பெறும் வரை அதனைத் தாங்கினார்.

அம்மருத்துவமனை 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருந்து வருவது. 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக வழங்கும் பேதைமை நம்மிடையே இருந்தது. உயர்ந்த மதிலும் பூட்டிய கதவுமாக நின்ற அவ்விடத்தில் நோயாளியை விட்டுச் சென்ற உறவினர் பலர் திரும்பியும் வந்திலர். நோயினும் கொடியது அக்கைவிடலே. இந்நிலையில் 1950-களில் மனநோய்க்குப் புதிய மருந்துகள் தோன்றின. அவற்றைக் கொண்டு, பலரை வீட்டில் இருந்தவாறே பேணலாம் என்னும் நிலை பிறந்தது. புறநோயாளர் பிரிவை வளர்த்தார் சாரதா மேனன். நோயாளர் தொழில் பழகவும் வழி செய்தார். பூட்டுதற்கென்று இருந்த இடம் குணப்படுத்துதற்கென்று ஆயிற்று.

முதற்பெண் என்னும் பெருமையினும், அவர் எழுப்பிய வினா ஒன்றே பெரிது. நோய் தணிந்தவன் எங்கே செல்வான்? யார் அவனுக்கு வேலை தருவார்? இவ்வினாவிற்கு விடை காணவே, ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், 1984 இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். மருத்துவமும் ஆராய்ச்சியும் மறுவாழ்வும் அங்கு ஒருங்கே நடைபெறுகின்றன. நடுவண் அரசு 1992 இல் பத்மபூஷண் விருதும், தமிழக அரசு 2016 இல் ஔவையார் விருதும் அளித்து அவரைச் சிறப்பித்தன. 2021 டிசம்பர் 5 ஆம் நாள், தமது 98 ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மனநோயுற்றாரைக் கட்டி வையாவிடில் தீங்கு நேரும் என்பார் இன்றும் உளர். 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். எவர்க்கும் தீங்கு செய்யாதார்க்குச் சங்கிலியே தீங்காயிற்று. எவரையும் எவ்வாற்றானும் சங்கிலியால் பிணித்தல் ஆகாது என 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் விலக்கியுள்ளது.

மருத்துவமும் இன்று தொலைவில் இல்லை. மாவட்டந்தோறும் மனநல மருத்துவத்தைக் கொண்டுசெல்லும் திட்டம், 1990-களின் பிற்பகுதியில் தமிழகத்தில் திருச்சிராப்பள்ளியிலேதான் தொடங்கப்பெற்றது. திருச்சி அரசு மருத்துவமனையிலும் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. திருவரங்கத்தில் இருப்பார் ஒருவர், ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் நேரத்தில் மருத்துவரை அடையலாம். ஆயினும் பலர் செல்வதில்லை. பாலத்தைக் கடப்பது எளிது. நாணத்தைக் கடப்பதே அரிது. மகளுக்கு மணம் கூடாதே, ஊரார் பழிப்பரே என்றஞ்சி நோயை மறைக்கின்றனர். மறைத்த நோய் முற்றுகின்றது.

இந்நாணத்தை நீக்குதல் மருத்துவரால் மட்டும் ஆவதன்று. தெருவில் தனக்குத்தானே பேசிச் செல்வானைக் கல்லெறிந்து சிரிக்கும் சிறுவர்க்கும் இதில் பங்குண்டு. உடன் பயிலும் மாணவன் ஒருவன் சில நாளாய் உண்ணாமலும் உறங்காமலும், எவரொடும் பேசாமலும் இருப்பானாயின், அவனை ஏளனம் செய்யாது அருகில் அமர்ந்து வினவுதலும், ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அறிவித்தலும் நட்பின் கடமையாம். மருத்துவமனையின் கதவைத் திறக்க ஒருவர் தம் வாழ்நாளையே ஈந்தார். குணமாகி வருவோர்க்கு வீட்டின் கதவைத் திறந்து வைத்தல் நம் அனைவர் கடன்.