பெயர் பறிபோகக் கூடாது: திறமூல மென்பொருள் திட்டங்களின் பெயருரிமைக்கான கோரிக்கைச் சாசனம்

திறமூல மென்பொருளை எழுதுவோர், தமிழாக்குவோர், பிழை திருத்துவோர், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நிறுவிக் கொடுப்போர் ஆகிய நாங்கள், ஒன்றிய அரசுக்கும் வணிகச் சின்னப் பதிவகத்துக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் எங்கள் சக பங்களிப்பாளர்களுக்கும் இச்சாசனத்தை முன்வைக்கிறோம்.

ஜி.பி.எல். போன்ற உரிமங்கள் நிரலைக் காக்கின்றன. எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அந்தச் சுதந்திரத்தில் ஓர் அணுவளவும் குறைக்க நாங்கள் கேட்கவில்லை. ஆனால் திட்டத்தின் பெயர் அந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை. 2004-இல் வெளிவந்த அப்பாச்சி 2.0 உரிமத்தின் ஆறாவது பிரிவு, பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமையைத் தான் வழங்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நிரலுக்குப் பதிப்புரிமைச் சட்டம், பெயருக்கு வணிகச் சின்னச் சட்டம். முதலாவதில் நாங்கள் காட்டிய அக்கறையை இரண்டாவதில் காட்டவில்லை. அதன் விலையைப் பலமுறை கொடுத்தாகிவிட்டது.

லினக்ஸுக்கே இது நேர்ந்தது. 1991-இல் பிறந்த அந்தப் பெயரை, அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் அமெரிக்காவில் 1994-இல் விண்ணப்பித்து அடுத்த ஆண்டே தன் பெயரில் பதிந்துகொண்டார். பிறகு லினக்ஸ் விற்கும் நிறுவனங்களிடம் உரிமத்தொகை கேட்டுக் கடிதங்கள் போயின. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் சில நிறுவனங்களும் சேர்ந்து வழக்காடி, 1997-இல்தான் பெயர் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. உலகமே பங்களித்த ஒரு படைப்பின் பெயரை மீட்க வக்கீல் வைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

பதிந்து வைத்திருந்ததால் தப்பித்த கதையும் உண்டு. 2014-இல் குரூப்பான் நிறுவனம், கடைகளில் பில் போடும் தன் டேப்லட் சாதனத்துக்கு ‘க்னோம்’ என்று பெயரிட்டு 28 வணிகச் சின்ன விண்ணப்பங்கள் போட்டது. அதே பெயரிலான திறமூலத் திட்டத்தை நடத்தும் க்னோம் அறக்கட்டளையிடம் அந்தப் பெயருக்கான பதிவு ஏற்கெனவே இருந்தது. முதல் பத்து விண்ணப்பங்களை எதிர்க்க 80,000 டாலர் வேண்டும் என்று அறக்கட்டளை நவம்பரில் பொதுமக்களிடம் கேட்டது. பணமும் ஆதரவும் குவிந்தன. குரூப்பான் 28 விண்ணப்பங்களையும் கைவிட்டது. பதிவு இல்லாதிருந்தால் அந்த எதிர்ப்புக்கு இத்தனை வலு இருந்திருக்காது.

அன்றாடப் பாதிப்பு இன்னும் பெரியது. ஒருவர் வீடியோ பார்க்கும் மென்பொருளின் பெயரைத் தேடுபொறியில் தட்டுகிறார். மேலே விளம்பரமாக வரும் பக்கத்தில் அதே பெயர், அதே சின்னம், பெரிய பச்சைப் பொத்தான். ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போய் முடித்தால், உலாவியில் கேட்காத டூல்பாரும் புதிய முகப்புப் பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் திட்டுவது அசல் மென்பொருளைத்தான். வி.எல்.சி.யை உருவாக்கும் வீடியோலான் அமைப்பு 2011-லேயே இதைப் பகிரங்கமாக முறையிட்டது. இத்தகைய பக்கங்களை நீக்கச் சொல்லிப் போகிறவர்களுக்குப் பதிவு எண் ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பலம் என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவது, கட்டணம். 2017-ஆம் ஆண்டு வணிகச் சின்ன விதிகளின்படி, இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற எல்லோருக்கும் 9,000. லாப நோக்கமற்ற அறக்கட்டளையும் சங்கமும் இந்த ‘மற்ற எல்லோரில்’ விழுந்துவிடுகின்றன. மென்பொருள் 9-ஆம் வகுப்பு, மென்பொருள் சேவை 42-ஆம் வகுப்பு. இரண்டுக்கும் போட்டால் 18,000. சந்தாவும் நன்கொடையும் வைத்து ஓடும் குழுவுக்கு இது சிறு தொகை அல்ல. எனவே செலவைக் குறைக்க யாராவது ஒருவரின் சொந்தப் பெயரில் பதிகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது அவருடைய சொத்து. நாளை அவர் விலகினாலோ காலமானாலோ பெயர் அவரிடமோ அவர் வாரிசுகளிடமோ நிற்கும். பத்து ஆண்டு உழைத்த மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். தவறான வழியை மலிவாகவும் சரியான வழியை இரட்டை விலையிலும் வைத்திருக்கும் இந்த விதி திருத்தப்பட வேண்டும். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் 4,500 ரூபாயே கட்டணம் என்று அறிவிக்க வேண்டும். எதிர்ப்பு மனுவுக்கும் புதுப்பித்தலுக்கும் அதேபோன்ற சலுகை வேண்டும்.

இரண்டாவது, பயன்பாட்டுச் சான்று. விண்ணப்பிக்கும் முன்பே பெயரைப் பயன்படுத்தி வருவதாகச் சொன்னால், பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் இணைக்க வேண்டும். வழக்கமாக எல்லோரும் வைப்பது விற்பனை பில். இலவசமாகத் தரும் மென்பொருளுக்கு ஏது பில்? வெளியீட்டு அறிவிப்பு, தேதியோடு கூடிய நிரல் மாற்றப் பதிவு, டெபியன் போன்ற இயங்குதளங்களின் தொகுப்புப் பட்டியலில் உள்ள பதிவு ஆகியவற்றைச் சான்றாக ஏற்கலாம் என்று பதிவகம் தன் வழிகாட்டுக் குறிப்பில் எழுத்தில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பரிசீலனை. ஏற்கப்பட்ட விண்ணப்பம் வணிகச் சின்ன இதழில் வெளியானதும் எதிர்க்க நான்கு மாத அவகாசம். மாலை நேரத்தில் தன்னார்வமாக நிரல் எழுதுகிறவர் வாராவாரம் அந்த இதழைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. 9, 42 வகுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகள், எவரும் பார்க்கக் கிடைக்கும் திறமூலத் தொகுப்புப் பட்டியல்களிலும் பெயரைத் தேடிப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

நிறுவனங்களிடம் கேட்பது ஒன்றே: சமூகம் வளர்த்த பெயரைச் சமூகத்திடம் கொடுங்கள். சன் நிறுவனத்தில் தொடங்கிய ஹட்சன் திட்டத்தின் பெயர், அந்த நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளுக்கே சொந்தம் என்றானது. 2011 ஜனவரியில் 214-க்கு 14 என்ற வாக்கில் பங்களிப்பாளர்கள் ஜென்கின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு வெளியேறினார்கள். அதே ஆரக்கிளின் கையில் பெயர் இருந்ததால், ஓபன் ஆபிஸை வளர்த்தவர்கள் 2010-இல் லிப்ரே ஆபிஸ் என்ற புதுப்பெயரோடு முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. இனியாவது ஒரு திட்டத்தைத் திறமூலமாக அறிவிக்கும்போதே, பெயரை யார் வைத்திருப்பார் என்பதையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

எங்கள் திட்டங்களுக்கு நாங்களே வைக்கும் கோரிக்கையும் உண்டு, அதில் தயவு தாட்சண்யம் இல்லை. பெயரைப் பதிந்தவர் அதைச் சாட்டையாக்கக் கூடாது. பெயர் தொடர்பான மொசில்லாவின் நிபந்தனைகளோடு ஒத்துப்போக முடியாமல் 2006-இல் டெபியன், ஃபயர்ஃபாக்ஸை ‘ஐஸ்வீசல்’ என்ற பெயரில் தர வேண்டியதாயிற்று. பழைய பெயர் திரும்ப பத்தாண்டு ஆயிற்று. 2023-இல் ரஸ்ட் நிரல்மொழியின் அறக்கட்டளை வெளியிட்ட பெயர்க் கொள்கை வரைவு மிகக் கெடுபிடியானது என்று பங்களிப்பாளர்களே கொதித்தெழுந்தார்கள். மொழிபெயர்ப்பு, பயனர் கூட்டம், பாடநூல், பயிற்சி வகுப்பு, ஸ்டிக்கர் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதை ஒவ்வொரு பெயர்க் கொள்கையும் முதல் பத்தியிலேயே சொல்லட்டும். பயனரை ஏமாற்றும் போலிகளை மட்டும் தடுக்கட்டும்.

டெபியனின் பெயரை ‘சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ அமைப்பும், கிட் மென்பொருளின் பெயரை ‘சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி’யும் பொறுப்பாக வைத்திருக்கின்றன. சிறு திட்டங்கள் தனித்தனியே அமைப்பு தொடங்கத் தேவையில்லாதபடி, அத்தகைய பொதுப் பொறுப்பை ஏற்க இங்குள்ள அறக்கட்டளைகளும் பல்கலைக்கழகங்களும் முன்வர வேண்டும்.

திட்டம் நடத்தும் தோழர்களே, பெயர் பிரபலமாகும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த வெளியீட்டுக்கு முன் குழுவைக் கூட்டி, பெயரும் இணைய முகவரியும் இப்போது யார் பெயரில் இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரு தனிநபர் பெயரில் இருந்தால், அவர் சம்மதத்தோடு இப்போதே ஒரு பொது அமைப்புக்கு மாற்றி எழுதுங்கள்.