ஒரு வருஷத்து ஆட்டம்



பொங்கலுக்கு பாலவனத்தம் வந்திருந்த தங்கச்சி மகன் சென்னையின் எஃப்சி ரசிகன். கண்மாய்ப் பொட்டலில் பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே, தன் அணியின் பழைய ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன்.

சிரிக்க விஷயம் இருக்கிறது. பிரேசில்காரர் எலானோ, 2014-இல் இங்கே வந்து 8 கோல் அடித்து, அந்த ஐஎஸ்எல் தொடரிலேயே முதலிடம். 2015-இல் கோவாவில் 3-2 என்று கோப்பையை வென்ற ராத்திரியே, எதிரணி உரிமையாளர் ஒருவரின் புகாரில் கைதாகி ஜாமீனில் வந்தார். 2016-இல், லிவர்பூலில் ஐரோப்பியக் கோப்பை வென்ற ஜான் ஆர்னே ரீசே வந்தார். எட்டு அணிகளில் சென்னைக்கு ஏழாவது இடம்! கேரளத்து ரசிகர்களைக் கேட்டால் பெர்பட்டோவைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஒரே சீசனில் 20 கோல் அடித்தவர், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு 9 ஆட்டத்தில் 1 கோல். போகும்போது பயிற்சியாளரை இன்ஸ்டாகிராமில் திட்டிவிட்டுப் போனார்.

அடுத்து, "மாமா, எல்லாரையும்விடப் பெரிய சொதப்பல் ஜெஜேதான்" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

மிசோரத்துப் பையன் ஜெஜே லால்பெக்லுவா 2017-18-இல் 9 கோல் அடித்தவர். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் மட்டும் இரண்டு. இன்னொன்றை அடித்தவர் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ். அந்த வருஷம் கோப்பை நமக்கு. அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். ஜெஜே அடித்தது ஒரே கோல். அதற்கடுத்த சீசன் முழுக்க முழங்கால் காயத்தால் களத்துக்கே வரவில்லை. முந்தைய வருஷம் தலையில் தூக்கி வைத்தவர்கள்தான் ஏசினார்கள்.

கோமாளித்தனத்தைச் சொல்லிச் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு கெட்ட வருஷத்தை வைத்து 'இவன் இவ்வளவுதான்' என்று முடிவுகட்டக் கூடாது. பதினோரு பேர் தோற்றதை ஒருவன் தலையில் கட்டுகிறோம். அவன் காலில் என்ன வலி என்று கேட்பதில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்கிய ஒரு பையன், பத்தாம் வகுப்பு காலாண்டில் 11 மார்க் வாங்கினான். விடைத்தாளை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "நீ தேறமாட்டே" என்றேன். மறுவாரம் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை, பிறகு வரவே இல்லை. அப்பா படுத்த படுக்கையானதால் அவன் ராத்திரியில் அருப்புக்கோட்டைக்குப் போய்த் தறி ஓட்டினான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஜெஜே 2023-இல் மிசோரம் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். நான் சொன்ன பையன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற உங்களில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் உண்டு. பெயரை இங்கே எழுத வேண்டாம். அவனைப் பார்த்தால், சார் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சார் வாயாலேயே சொல்ல ஆசைப்படுகிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.